நடுங்காத கை

மார்ச் 4

அக்காவுக்கு,

நீ சொன்னபடி போனைத் தொடாமல் கடிதம் எழுதுகிறேன். "குரலை நீ நடிச்சிடுவே, கையெழுத்தை நடிக்க உனக்குத் தெரியாது" என்று வாசலில் நின்று சொன்னாய். தபால் பிரிக்கும் வேலையில் தலை நரைத்தவள் சொன்னால் தம்பி கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வேலை கிடைத்துவிட்டது. பல் செட் செய்யும் பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் வெள்ளை ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை எடுப்பேன். அதன் மேல் மெழுகு வைத்துப் பல் அடுக்குவேன். அலமாரி முழுக்க ஊராரின் வாய். எல்லாம் சிரிக்கிறது, ஒன்றும் பேசுவதில்லை. எனக்கு ஏற்ற ஊர்தான். முதலாளி மாலையில் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பட்டறைக்குப் பின்னாலேயே எனக்கு ஓர் அறை. பிளாஸ்டிக் திரவத்தின் நெடி அங்கேயும் வரும், காலையில் தலை பாரமாக இருக்கும். மற்றபடி குறையில்லை.

இங்கே வந்ததிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை.

குடியை விட்டவர்கள் கூடும் கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்தேன். முதலாவது ஒரு வங்கிக்கு மேல்மாடியில். எல்லோரும் இஸ்திரிச் சட்டை. ஒவ்வொருவராக எழுந்து அலுவலக அறிக்கை மாதிரி ஒப்பித்தார்கள், மற்றவர்கள் கை தட்டினார்கள். கை தட்டும்படி என்னிடம் ஒன்றும் இல்லை, பாதியில் எழுந்துவிட்டேன். இரண்டாவது ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில். நடத்துகிறவர் பழைய உடற்பயிற்சி ஆசிரியர். "வீட்டுல பொய் சொன்னவன்லாம் கையத் தூக்கு!" என்று அதட்டினார். கழுத்தில் விசில்தான் இல்லை. கூட்டமும் செருப்பு மாதிரிதான், கடிக்காததாகப் பார்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. தேடுகிறேன்.

பள்ளி விடுமுறைக்கு என் பிள்ளை வாலுவை அனுப்பு, அக்கா. அவள் அம்மா இறந்த பிறகு நான் அவளை விட்டு இத்தனை நாள் இருந்ததில்லை.

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் வெறுமனே பார்த்தேன். ஊரில் யாராலும் படிக்க முடியாத முகவரி என் மேஜைக்குத்தான் வரும். எழுதியவர் கிழவரா, நோயாளியா, அழுதுகொண்டே எழுதினாரா என்று உறையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உன் எழுத்து மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்குகிறது. அதிலும் "ஒரு சொட்டும் தொடவில்லை" என்ற வரியில் நடுக்கம் அதிகம். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

பேருந்து நிலையத்து பெஞ்சை நான் மறக்கவில்லை. பிள்ளையை அங்கே உட்கார வைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்தாய். "நான்தான் கூட்டிட்டு வந்தேனே, உள்ள தூங்குறா பாரு" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய். நீ பொய் சொல்லியிருந்தால் ஒரு அறை கொடுத்திருப்பேன். நீ அதை நிஜமாகவே நம்பினாய். அன்றைக்குத்தான் எனக்கு உன்னைப் பார்த்துப் பயம் வந்தது.

அதனால் இரண்டே இரண்டு வேண்டும். நடுக்கமில்லாத ஒரு கடிதம். நீ பாதியில் எழுந்து வராத ஒரு கூட்டம். இரண்டும் வந்தால் வாலுவை அனுப்புகிறேன். "அப்பா கிட்டப் பொய்ப்பல் வாங்கி மாட்டிக்கிட்டு டீச்சரை அலற விடப் போறேன், அத்தை" என்று இப்போதே துள்ளுகிறாள். அவளை ஏமாற்றாதே.

அக்கா

மார்ச் 13

என் அருமை அக்காவுக்கு,

கிடைத்துவிட்டது! தானாகவே என் காலடியில் வந்து விழுந்த மாதிரி. துணிச்சந்தைக்குப் பின்னால் ஒரு தெரு, அதில் பச்சை இரும்புப் படிக்கட்டு. ஏறினால் திரைச்சீலை தைக்கும் ஒரு கூடம். தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போடுகிறார்கள். தைத்து முடித்த திரைகள் நாலு பக்கமும் தொங்கும். அவற்றுக்கு நடுவே உட்கார்ந்தால் நாம் எந்த வீட்டுக்குள் இருக்கிறோம் என்றே தெரியாது, அத்தனை சுகம்.

எனக்கென்று ஒரு நாற்காலி வைத்திருக்கிறார்கள், அக்கா. நான் வாயைத் திறந்தால் சிரிக்கிறார்கள், வாலுவைப் பற்றிச் சொன்னால் அழுகிறார்கள். அதட்டல் இல்லை, கைதட்டல் இல்லை. அங்கே ஒரு பழைய பஸ் கண்டக்டருக்கு முன்பல் மூன்று இல்லை, விசில் அடிக்க முடியவில்லை என்று குறைப்பட்டார். செய்து கொடுத்துவிட்டேன்.

கையைப் பார், நிற்கிறதா? இதைத்தானே கேட்டாய்.

வாலுவை அனுப்பு. ஊருக்கு வெளியே ஏரி இருக்கிறது. படகு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் நானும் மட்டும், நடு ஏரி வரைக்கும். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் செல்லத் தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

கடிதத்தைப் பக்கத்து மேஜைக்காரியிடமும் காட்டினேன். "உன் தம்பி எழுத்தா? அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்றாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின காலத்து எழுத்து இது. நானும் கொஞ்சம் கண் கலங்கினேன், சொல்லிக்காட்டாதே.

டிக்கெட் எடுத்துவிட்டேன். மார்ச் 30, சனிக்கிழமை. நம் எதிர் வீட்டு டீச்சர் அதே ரயிலில் உங்கள் ஊரைத் தாண்டிப் போகிறாள், உன் கையில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு அப்படியே போவாள். ரயிலடியில் நேரத்துக்கு நில். பச்சைப் படிக்கட்டுக் கூட்டத்தை விட்டுவிடாதே, திரை தைக்கிறவர்களுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல். படகெல்லாம் பார்த்து. உனக்கு நீச்சல் தெரியாது என்பது ஏரிக்குத் தெரியாது.

வாலு பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். அதற்குள் பாதி இடம் பொம்மைக் குரங்குக்கு.

அக்கா

மார்ச் 21

அக்காவுக்கு,

உன் கடிதம் எனக்குப் புரியவில்லை. முதல் கடிதத்துக்குப் பிறகு நான் உனக்கு எழுதவே இல்லை. உன் கோபத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். பச்சைப் படிக்கட்டு, திரைச்சீலை, கண்டக்டர், ஏரி, எதுவும் எனக்குத் தெரியாது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

நேற்று வேலை முடிந்ததும் துணிச்சந்தைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். படிக்கட்டு இருந்தது. பச்சைதான்.

உள்ளே போனதும் திரை தைக்கும் அம்மா நிமிர்ந்து பார்த்து, "வாங்க பல்லுக்காரரே, எங்கே ஆளையே காணோம்?" என்றார். நான் அந்தப் பெண்மணியைப் பார்த்ததே இல்லை, அக்கா. ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். இன்னொருவர் கேட்காமலே டீ கொடுத்தார், சர்க்கரை இல்லாமல். நான் அப்படித்தான் குடிப்பேன் என்று தெரிந்திருக்கிறது.

"நீங்க வேற யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுறீங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் ஒரு கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாயைப் பார்த்ததும் என் கையிலிருந்த டீ கொட்டிவிட்டது.

பல் செட் செய்கிறவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு கைவாகு உண்டு. முன்பல் வரிசையை நேராக வைத்தால் பொய்ப்பல் என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் நான் இடது பக்கத்து இரண்டாவது பல்லை ஒரு மயிரிழை உள்ளே திருப்பி வைப்பேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வேறு யாரும் அப்படி வைத்து நான் பார்த்ததுமில்லை. அந்தக் கிழவர் வாயில் அந்தப் பல் திரும்பியிருந்தது. அது என் வேலை. அவர் தாடையை நான் அச்செடுத்த நினைவு எனக்கில்லை.

"இந்தப் பல்லு..." என்றேன்.

"என்ன தம்பி, நீதானே நாக்கை மடக்கு, வாயைத் திறன்னு படுத்தி எடுத்தே! இப்ப விசிலே வருது பாரு" என்று அடித்துக் காட்டினார்.

திரை தைக்கும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தொங்கும் துணிகளுக்கு நடுவே, யார் முகமும் தெரியாத இடத்தில், தணிந்த குரலில் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எப்பவுமே போட்டுட்டுத்தான் வருவீங்க. போட்டுட்டு வர்றவங்களை நாங்க வெளியே தள்ளறதில்லே. கடைசி வரிசையில உக்காந்து கேக்கலாம். கூட்டம் முடிஞ்சதும் படிக்கட்டுல உக்காந்து நல்லாப் பேசுவீங்க. இன்னிக்குத்தான் போடாம வந்திருக்கீங்க. அதான் கை இப்படி ஆடுது."

"நான் குடிக்கிறதில்லைங்க."

"அதையும் அடிக்கடி சொல்லுவீங்க. பகல்ல இருக்கிறவன் குடிக்கிறதில்லே, அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

திரும்பி வந்து பட்டறையைத் தேடினேன். மாவு மூட்டைக்குள் கையை விட்டதும் கண்ணாடி தட்டுப்பட்டது. பாதி காலியான பாட்டில். அதன் கழுத்தைச் சுற்றி வெள்ளை மாவில் ஐந்து விரல் பதிந்து காய்ந்திருந்தது. என் கையை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. என் கட்டிலுக்கு அடியில் வாலு அளவுக்கு ஒரு மழைக்கோட்டும் புது ஷூவும் இருக்கின்றன. நான் வாங்கவில்லை. நான்தான் வாங்கியிருக்க வேண்டும்.

மாலையில் பட்டறை விளக்கை அணைத்தது நினைவிருக்கும், அதன் பிறகு விடிந்துவிடும். களைப்பில் தூங்கிவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன்.

பிள்ளையை அனுப்பாதே, அக்கா. அவளைப் பார்க்காமல் எனக்கு உயிரே இல்லை. இருந்தும் சொல்கிறேன், அனுப்பாதே. ரயிலடிக்கு யார் வந்து நிற்பான் என்று எனக்குத் தெரியாது.

தம்பி

மார்ச் 21

என் அருமை அக்காவுக்கு,

இன்று மத்தியானம் ஒருவன் உனக்குக் கடிதம் போட்டிருப்பான். கோணல் மாணலாக, பிள்ளையை அனுப்பாதே என்று. பொருட்படுத்தாதே. அவன் சரியான பயந்தாங்கொள்ளி. கூட்டத்தில் வந்து டீயைக் கொட்டிக்கொண்டு நின்றான், எனக்கு மானமே போயிற்று. அவர்கள் என்னைத்தான் விரும்புகிறார்கள்.

பாட்டிலை எடுத்துக் கொட்டிவிட்டான். பரவாயில்லை, அவனுக்குத் தெரிந்தது ஒரு மூட்டைதான்.

எழுத்தைப் பார்த்தால் எது உன் தம்பி என்று உனக்குத் தெரியும். வாலுவை ஏற்றிவிடு. படகுக்காரன் தயாராக இருக்கிறான்.

உன் செல்லத் தம்பி

மார்ச் 25

தம்பிக்கு,

இரண்டும் ஒரே தபாலில் வந்தன. ஒரே உறை, ஒரே பேனா, முகவரியில் அதே சுழி. இரண்டையும் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆள் நடமாட்டமில்லாத மூலையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நான் என்ன செய்வது, சொல். நடுங்கினால் குடித்திருக்கிறாய் என்று நானே உனக்குச் சட்டம் போட்டேன். அந்தச் சட்டப்படி அனுப்பாதே என்கிறவன்தான் குடிகாரன். பிள்ளை வந்தால் குடிக்க முடியாதே என்று தட்டிக் கழிக்கிறான். இன்னொரு கடிதம் தெளிவாக இருக்கிறது, ஆசையாக இருக்கிறது, கோடு போட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் அதைத்தான் என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை. நான் வளர்த்த பிள்ளை தன்னையே "அவன்" என்று சொல்லமாட்டான்.

வாலு காலண்டரில் சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள். டிக்கெட்டை இன்னும் ரத்து செய்யவில்லை. எனக்கு ஒன்றே ஒன்று சொல். உங்களில் யாரை நம்புவது?

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். பதிலும் அப்படியே வரட்டும்.

அக்கா

மார்ச் 27

அக்காவுக்கு,

நடுங்குகிறவனை நம்பு.

உன் சட்டம் தலைகீழ், அக்கா. உன் மேல் தப்பில்லை, குடிக்காதவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். நேற்றுக் கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என்னை மாதிரி முற்றிப்போனவனுக்குச் சரக்கு உள்ளே இருந்தால்தான் கை நிற்கும். இறங்கினால் ஆடும். இந்த வரியை நீ படிக்கச் சிரமப்படுகிறாய் என்றால் நான் குடிக்காமல் எழுதுகிறேன் என்று அர்த்தம். நடுங்காமல் வருகிற எதையும் படிக்காதே, கிழித்துப் போடு. எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாலும் கிழித்துப் போடு.

வங்கி மாடியையும் ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தையும் நான் ஏன் விட்டேன் என்று இப்போது தெரிகிறது. அங்கே இருந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. தெரியாதவர்கள் முன்னால் நான் நல்லவனாக உட்கார்ந்து எழுந்து வந்துவிடலாம். என்னைத் தெரிந்தவர்கள் பச்சைப் படிக்கட்டில்தான் இருக்கிறார்கள். இனிமேல் வேறு கூட்டம் தேடப் போவதில்லை.

நேற்று முன்வரிசையில் உட்கார்ந்தேன். பேச வரவில்லை. பேசாமல் இருந்ததும் அவர்கள் கொஞ்சம் ஏமாந்து போனார்கள், முகத்தில் தெரிந்தது. கண்டக்டர் மட்டும், "அந்த ஆளு நல்ல பேச்சுக்காரன், பாவம். ஆனா நீதான் எங்களுக்கு வேணும்" என்றார்.

பட்டறைச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் தனியாகக் குடியை நிறுத்தினால் வலிப்பு வரும், ஆள் போய்விடக்கூடும் என்கிறார்கள். அதனால் இன்றே ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். கீழே எழுதப்போவது திரை தைக்கும் அம்மா. உனக்கு வேறொரு கையெழுத்தும் வேண்டும் என்று நான்தான் கேட்டேன்.

தம்பி

அம்மா, வணக்கம். உங்க தம்பி என் கண் முன்னால இதை எழுதினார். ஒரு பக்கம் எழுத ரொம்ப நேரம் ஆச்சு. போடல. பிள்ளைய அனுப்பாதீங்க. படகு விஷயம் கேட்டதுலேர்ந்து எங்களுக்கே தூக்கமில்ல. ஆஸ்பத்திரி வரைக்கும் நானும் கண்டக்டரும் கூடப் போறோம்.

மார்ச் 29

தம்பிக்கு,

ரத்து செய்துவிட்டேன். வாலு அழுது, குரங்கின் காதைப் பிய்த்து, சாப்பிடாமல் தூங்கிவிட்டாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். "பல்லு வலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீ சேர்ந்த அன்றைய முத்திரையோடு, விரைவுத் தபாலில் நடுங்காத கடிதம் ஒன்றும் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போட்டாயா, எப்போது எழுதினாய், தெரியவில்லை. நீ சொன்னபடி பிரிக்காமல் கிழித்தேன். கிழிக்கும்போது கை ஆடியது எனக்குத்தான்.

குணமாகி எழுந்து வா.

அக்கா

ஜூலை 12

அக்காவுக்கு,

உறையைப் பார்த்ததுமே பயந்திருப்பாய். எழுத்து நிற்கிறது. கிழித்துவிடாதே, அல்லது கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. பட்டறைக்குத் திரும்பிவிட்டேன், சாவியை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் கண்டக்டர் வாசலில் வந்து நின்று விசில் அடிப்பார், அவரோடு கிளம்பிவிடுவேன். கூட்டத்துக்கு விடாமல் போகிறேன். எல்லாம் நல்ல செய்திதான். ஆனால் இப்போது குணமானவனும் குடித்தவனும் ஒரே கையில் எழுதுகிறோம். உனக்கு எப்படித் தெரியப்போகிறது என்று கூட்டத்தில் கேட்டேன். திரை தைக்கும் அம்மா அத்தாட்சி எழுதித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். காலம் முழுக்க அடுத்தவர் கையெழுத்தில் நான் இருக்க முடியாது.

அவன் போய்விட்டானா என்று எனக்கும் தெரியாது. சில நாள் நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் அவர்கள் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு என் கண்ணைப் பார்க்கிறார்கள். நானும் முகம் கழுவும்போது பார்த்துக்கொள்கிறேன். சாதாரணமாகத்தான் இருக்கிறது.

வாலுவைக் கேட்கவில்லை. "அனுப்பு" என்று எழுதினால் அதை எழுதியது யார் என்று எனக்கே சந்தேகம் வரும். கேட்காமல் இருக்கத்தான் இந்தக் கடிதம்.

தம்பி

ஜூலை 17

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. மேஜை விளக்குக்கு அடியில் இதையும் "என் அருமை அக்கா" என்று தொடங்குகிற பழைய கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். சுழி, சாய்வு, அழுத்தம், ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. என் மேஜைக்கு வந்து நான் படிக்காமல் விட்ட கையெழுத்து இதுவரை கிடையாது. உன்னிடம் தோற்றேன்.

வாலு வரமாட்டாள், எதிர் வீட்டு டீச்சரிடம் இருப்பாள். நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை, அதே ரயில். அன்று மாலை அந்தக் கூட்டத்தில் உன் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். அதன் பிறகும் லீவு கிடைக்கிறபோதெல்லாம் வந்து உட்காருவேன். பிள்ளையை அனுப்புவது எப்போது என்று அங்கே பார்த்து முடிவு செய்துகொள்கிறேன், காகிதத்தைப் பார்த்து இல்லை.

ரயிலடிக்கு வா. யார் வந்து நிற்பான் என்று மார்ச்சில் நீ எழுதினாயே, அதே பயம் எனக்கும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நீ வந்தால் நல்லது. அவன் வந்தாலும் நான் அடுத்த ரயிலில் திரும்பிவிட மாட்டேன். பையை அவன் தோளில் மாட்டிவிட்டு, கையைப் பிடித்து, அந்தப் படிக்கட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போவேன். எனக்கு இருப்பது ஒரே தம்பி.

அக்கா